கோட்டை வாசலில் சின்னியின் பாடு

சின்னி, நீ போய்விட்டாய் என்று யாரும் வாய் திறந்து சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தோணிரேவு ஊரில் மகள் பவளத்தின் வீட்டுக் கரையில் நின்று இறால் கழுவிக்கொண்டிருந்தேன். நம் ஊர் பசியாவரத்துப் பக்கமிருந்து ஒரு தோணி வந்தது. நல்ல காற்று. பாயை விரித்திருந்தால் பறந்து வந்திருக்கலாம். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, கழி ஊன்றி மெல்ல மெல்ல வந்தார்கள். சாவுச் செய்தி கொண்டுவருகிற தோணி காற்றைக் கூப்பிடாது. யார் வீட்டுச் சாவு என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. தோணி கிட்டே வந்ததும் அதில் உன் புருஷன் சிங்காரம் நிற்பதைப் பார்த்தேன். கையிலிருந்த இறால் தண்ணீரில் போனது.

“அண்ணி, காலையில வெந்நி கேட்டா. வெச்சிக் கொண்டாந்து பாக்கறேன், ஆளு இல்ல” என்றார் சிங்காரம். ஏதோ நீ எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டதைப்போலச் சொன்னார். பத்து நாள் காய்ச்சலாம். நான் மகளின் பிரசவத்துக்கு வந்த இடத்தில் எனக்குச் சொல்லி அனுப்பக்கூடாது என்று நீதான் தடுத்தாயாம்.

பதினாறாம் நாள் படையலுக்கு வந்திருக்கிற எல்லாரும் அவளை அறிவீர்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் பேர் கங்கம்மா. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு வந்த ஓரகத்திகள் நாங்கள். நான் பெரியவள், அவள் சின்னவள், அதனால் எனக்குச் சின்னி. எனக்கு நாலெழுத்துக்கு மேல் வராது. நான் சொல்லச் சொல்ல உப்புக் கணக்கர்தான் ஓலையில் எழுதுகிறார். என் பேச்சை அவர் திருத்திக்கொள்ளட்டும், சின்னியின் பேச்சைத் திருத்தவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அவளுக்கு ஒரு கால் எப்படிப் போனது என்று சின்னவர்களுக்குத் தெரியாது. எங்களில் பெண்கள் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் காலால் தடவி, கையால் இறால் பிடிப்போம். அன்றைக்கு அவள் மிதித்தது ஒரு திருக்கையை. அதன் வால்முள் கெண்டைக்காலில் ஏறி உள்ளே ஒடிந்துவிட்டது. மஞ்சளும் புங்க எண்ணெயும் வைத்துக் கட்டினோம். கால் வீங்கி, அப்புறம் கறுத்தது. எங்கள் ஊர்ப் பண்டிதர் நல்ல மனுஷர். தொட்டுப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவினார். “காலை எடுத்தா ஆளு நிக்கும். நான் கட்டி கீறுறவன். இது என் கத்திக்கு அடங்காது. கோட்டை வைத்தியர் செய்வாரு” என்றார்.

கோட்டை வைத்தியர் ஒல்லாந்தர்களுக்காகக் கப்பலில் வந்தவர். கோட்டையில் ஒரு சிப்பாய்க்குப் பல் வலித்தால் அவர் ஓடவேண்டும். வெளியில் இருக்கிற எங்களுக்கு அவர் இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. ஆனாலும் தோணியில் அவளைப் படுக்கவைத்துக்கொண்டு போனோம். வாசலில் பாராக்காரன் ஈட்டியைக் குறுக்கே வைத்தான்.

“கோட்டை ஆளா?”

“தெனமும் உங்களுக்கு மீன் குடுக்குறவங்க, நைனா” என்றார் சிங்காரம்.

“மீனு உள்ள வரும். ஆளு வராது. போங்க.”

நாங்கள் திரும்பிவந்து தோணியில் உட்கார்ந்துவிட்டோம். எனக்கு அழுகை. காய்ச்சலில் கண் சொருகிக் கிடந்த சின்னி எழுந்துகொள்ளப் பார்த்தாள். “இன்னாக்கா அழுவுற? மீனு உள்ள போவும்னுதானே சொன்னான்? என்னைய மீனாக்கி எடுத்துனு போங்க.”

பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். சிங்காரம் அவளையே பார்த்தார். அப்புறம் வலையை எடுத்து விரித்தார். பெரிய கொடுவா மீனை வலையில் சுற்றி, கழியில் கோத்து, இரண்டு பேர் தோளில் சுமந்து போவோம் அல்லவா? அப்படியே அவளைச் சுருட்டி, மேலே ஈரக் கோரையைப் பரப்பி, அண்ணனும் தம்பியும் தூக்கினார்கள். நான் கூடை நண்டோடு பின்னால் போனேன். பாராக்காரன் வலையைப் பார்த்தான்.

“மீனு மூச்சு விடுதே.”

“புது மீனு, நைனா” என்றார் என் வீட்டுக்காரர்.

அவன் ஈட்டியைச் சுவரில் சாய்த்தான். அப்புறம் வெற்றிலையை எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சுண்ணாம்பு தடவ ஆரம்பித்தான். அவனுக்கும் ஒரு தங்கை இருந்திருக்கலாம். அவன் பேர் எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

சமையற்கட்டில் வலையை அவிழ்த்ததும் சமையல்காரன் போட்ட கூச்சலில் வைத்தியரே வந்துவிட்டார். சிவப்புத் தாடி. சின்ன வயசு. காலைப் பார்த்ததும் எங்களைத் திட்டுவதை நிறுத்திவிட்டு மேஜையைக் காலி செய்யச் சொன்னார். ஒல்லாந்தர் பேச்சைத் தமிழில் சொல்கிற துபாசி அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, “முள் ஏறின அன்றைக்கே ஏன் கொண்டுவரவில்லை என்று ஐயா கேட்கிறார்” என்றார்.

படுத்திருந்தவள்தான் பதில் சொன்னாள். “அன்னைக்கும் இந்த வாசல் இங்கதானே இருந்துச்சுன்னு ஐயாகிட்ட சொல்லு.”

துபாசி அதைச் சொன்னாரா, மாற்றிச் சொன்னாரா, தெரியாது. வைத்தியர் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். அவள் வாயில் கடித்துக்கொள்ளக் கயிறு கொடுத்தோம். நான் மேஜை மேல் ஏறி உட்கார்ந்து அவள் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். கயிற்றைத் துப்பிவிட்டு அவள் என்னிடம் ஒன்று சொன்னாள். “அக்கா, என்னைப் பாக்காத. அடுப்பப் பாரு.” அடுப்பைப் பார்த்தேன். இன்றைக்கும் அந்த அடுப்பில் என்ன வெந்துகொண்டிருந்தது என்று சொல்வேன். அதற்கு மேல் அன்றைக்கு நடந்ததை நான் சொல்லமாட்டேன்.

பிழைத்தாள். உடைந்த தோணிக் கழியில் சிங்காரம் ஊன்றுகோல் செய்து கொடுத்தார். இறாலுக்கு இறங்க முடியாதவள் கோட்டை வாசலில் நண்டு விற்க உட்கார்ந்தாள். வைத்தியர் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் காலைக் காட்டச் சொல்வார், புண் ஆறியிருக்கிறதா என்று பார்ப்பார். இவள் காலைக் காட்டுகிற சாக்கில் ஊரில் யாருக்கு என்ன என்று சொல்லத் தொடங்குவாள். ஒருத்திக்கு மார்பில் கட்டி. ஒருவருக்கு எலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்துவிட்டது. வைத்தியர் கையை விரிப்பார். மருந்துப் பெட்டி கோட்டைக்காரர்களுக்காக வருவது, அதை எடுத்தால் அவருக்கே கேள்வி வரும் என்பார் துபாசி. மறுநாளும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் ஒருநாள், “வெக்கமா இல்லையா உனக்கு, இப்படித் தெனமும் கேக்க?” என்றேன். “வெக்கம் அந்தக் காலோட போயிடுச்சுக்கா” என்றாள்.

கடைசியில் வைத்தியர் யாரிடமோ பேசி அனுமதி வாங்கினார். வெள்ளிக்கிழமை மீன் தோணியோடு வெளி ஆள் ஒருவர் வரலாம். ஒரே ஒருவர். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு ஊரே கோயில் முன்னால் கூடிச் சிரித்தது. சின்னி மட்டும் சிரிக்கவில்லை. “அவங்களுக்குத் தெனமும் வெள்ளிக்கிழமை. ஏரிக்காரங்க மொத்தத்துக்கும் ஒண்ணே ஒண்ணு” என்றாள். “கெடைச்சதுக்குச் சந்தோசப்படுடி” என்று அவளை அதட்டினோம்.

அதற்கப்புறம் எங்கள் ஊர் செய்த காரியம் வேறு எந்த ஊரும் செய்திருக்காது. ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை போடுவது என்பதற்கு எங்களுக்குப் பாடு உண்டு. அம்மன் கோயில் முன்னால் சீட்டுப் போட்டு, வீட்டுக்கு வீடு முறை பிரிப்பார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு. முறை வந்த வீடு வலை போட்டே ஆகவேண்டும். போடாமல் விட்டால் அடுத்த சீட்டில் பேர் இருக்காது. தன் முறையை இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. வெள்ளிக்கிழமைக்கு ஆளாளுக்குச் சண்டை வந்ததும், ஊர்த் தலைவர் நாட்டார் எழுந்து, “எதுக்குச் சண்டை? இதுவும் ஒரு பாடுதான். சீட்டுப் போடுங்க” என்றார். எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் பட்டது.

சீட்டு விழுந்த வீட்டில் நோயாளி இருக்கவேண்டும் என்று கட்டாயமா? முறையை விட்டால் பேர் போய்விடும் என்று நல்லா இருக்கிறவர்கள் போனார்கள். ஒருவர் காதில் தண்ணீர் நுழைந்தது என்று போனார். ஒருத்தி ஒன்றுமே இல்லாமல் போய், வைத்தியர் கண்ணாடிக் குப்பிகளைப் பார்த்துவிட்டு வந்தாள். “உங்கள் ஊரில் யாருக்கும் நோயே இல்லையா என்று ஐயா கேட்கிறார்” என்று துபாசி எங்களைக் கேட்டார். நாங்கள் பெருமையாகச் சிரித்தோம்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டு வள்ளியின் புருஷன் கோவிந்தனுக்குக் குடல் இறங்கி முறுக்கிக்கொண்டது. வியாழக்கிழமை முழுக்க வாந்தி. வெள்ளிக்கிழமைப் பாடு ஏகாம்பர மாமாவுடையது. அவருக்குக் கழுத்தில் ஒரு மரு. வள்ளி அவர் வீட்டு வாசலில் போய் விழுந்தாள். கொடுத்தால் தன் வீட்டுப் பேர் போகும், ஊர்க் கட்டு உடையும் என்று பயந்துபோய் அவர் நாட்டாரிடம் ஓடினார். நாட்டார் பெரியவர்களைக் கூட்டி யோசித்தார். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் மீன் தோணி போய்விட்டது. ஏகாம்பர மாமா மருவை எடுத்துக்கொண்டு வந்து கரை இறங்கும்போது இங்கே சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். கோட்டைக்குப் போயிருந்தால் கோவிந்தன் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளவே வழியில்லாமல் போனார். மாமா பாவம், அன்றிலிருந்து கழுத்தில் துண்டைச் சுற்றியே வைத்திருந்தார்.

அடுத்த சீட்டுப் போடுகிற அன்றைக்கு, பெண்கள் வருகிற வழக்கமில்லாத இடத்துக்குச் சின்னி ஊன்றுகோலோடு வந்து நின்றாள். நாட்டார் முகம் சுளித்தார்.

“இன்னாம்மா, ஆம்பளைங்க கூட்டத்துல?”

“எங்க வீட்டுப் பாட்டக் கேக்க வந்தேன், மாமா.”

“உன் புருஷன் இருக்கான். அவன் கேப்பான்.”

“அவரு ஏரிக்குக் கேப்பாரு. நான் கேக்கறது கோட்டை வாசலு. இறா இந்த வாரம் போச்சுன்னா அடுத்த வாரம் வரும். கோவிந்தண்ணன் வருவாரா? அந்த வாசலைச் சீட்டுலேர்ந்து எடுத்து என் பேர்ல போட்டுடுங்க. யாரு போவணும்னு நான் பாத்துக்கறேன். அதுக்குப் பதிலா ஏரியில எங்க வீட்டுக்கு இருக்கிற பாட்டை ஊரே எடுத்துக்கட்டும்.”

கூட்டம் கொதித்தது. “ஒத்தக்காலி நாட்டாமை பண்ண வந்துட்டா” என்று ஒருவர் கத்தினார். “ரெண்டு காலு இருக்கிறவங்க யாராச்சும் தெனமும் வந்து அந்த வாசல்ல உக்காருங்களேன், நான் எழுந்துக்கறேன்” என்றாள். நாட்டார் சிங்காரத்தைப் பார்த்தார். ஏரிப் பாடு போனால் அந்த வீட்டுக்கு என்ன இருக்கிறது? அடுத்தவன் தோணியில் கூலிக்குப் போகவேண்டும். சிங்காரம் எழுந்து வேட்டியை உதறினார். “குடுத்துடுங்க. அவ அங்க வலை போடட்டும். நான் எவன் தோணியாச்சும் தள்றேன்” என்றார். சின்னி அன்றைக்கு முதல்முறையாக ஊர் முன்னால் அழுதாள்.

அதிலிருந்து வியாழக்கிழமைதோறும் அவள் வீடு வீடாகப் போவாள். பசியாவரம் மட்டுமல்ல, மீனவர் வீடு, உப்பளத்தார் வீடு, துணிக்குச் சாயம் போடுகிறவர்கள் வீடு, எல்லாம். எட்டிப்பார்த்துவிட்டு வரமாட்டாள். நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற வரைக்கும் இருப்பாள். அவள் சொல்கிற ஆளுக்குத்தான் தோணி. திட்டாதவர்கள் இல்லை. நானும் திட்டினேன், அதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

பவளத்துக்கு அப்போது ஏழெட்டு வயசு. தொடையில் ஆழமாகக் கட்டி. பண்டிதர் கத்திக்கு எட்டாத கட்டி. பிள்ளை போட்ட அலறல் அக்கரைக்குக் கேட்டிருக்கும். என் வீட்டிலேயே, என் அடுப்பில் சாப்பிடுகிறவள், வாசலைக் கையில் வைத்திருக்கிறவள், வேறு யாரை அனுப்புவாள் என்று நான் பிள்ளைக்குத் தலை சீவித் தயாராக வைத்திருந்தேன். அவள் சாயக்காரர் வீட்டு மருமகளை அனுப்பினாள். யாரோ, எவரோ. பிரசவமாகி நாலு நாள், உள்ளே ஏதோ தங்கிவிட்டது. நான் அவள் சோற்றுத் தட்டை எடுத்து வெளியில் வைத்தேன்.

அவள் தட்டை எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே வந்து, என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். “அக்கா, நம்ம பொண்ணு அலறுறா. எனக்கு மட்டும் காதுல விழலியா? அந்தப் பொண்ணு நேத்து வரைக்கும் அலறுனா. இன்னைக்கு நிறுத்திட்டா. அலறுற புள்ளைக்கு இன்னும் தெம்பு இருக்குக்கா. ஒரு வாரம் தாங்குவா. நான் உன்கூடவே உக்காந்துக்கறேன்.”

உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க பிள்ளையை மடியைவிட்டு இறக்கவில்லை. வெந்நீர் ஒற்றடம் வைத்துக்கொண்டே மீன்களுக்கெல்லாம் கல்யாணம் நடக்கிற கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நெத்திலிக்கும் சுறாவுக்கும் சம்பந்தம் பேசப் போனதில் பிள்ளை அலறலுக்கு நடுவே சிரித்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பவளம் போனாள். இன்றைக்கு அவளுக்கு மூன்றாவது குழந்தை. அந்தச் சாயக்காரர் வீட்டுப் பெண், இதோ, அந்தத் தூணோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள்.

வைத்தியர்கள் கப்பலோடு வருவார்கள், கப்பலோடு போய்விடுவார்கள். ஒவ்வொருவர் மாறும்போதும் அனுமதி இல்லாமல் போகும். புதியவர் பெட்டி இறக்குவதற்கு முன்னால் சின்னி துபாசியைப் பிடித்துக்கொள்வாள். “இந்த ஐயாவுக்கு வெள்ளிக்கிழமைன்னா இன்னான்னு தெரியுமா, கேளு.” ஒரு வைத்தியர் ஒரு மழைக்காலம் முழுக்க முடியாது என்றுவிட்டார். அந்த மழைக்காலத்தில் போனவர்களின் பேரை அவள் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது ஒவ்வொன்றாகச் சொல்வாள். இன்னொருமுறை மனசு கேட்காமல் இரண்டு பேரைத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனாள். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை வாசலே திறக்கவில்லை. திரும்பி வந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “கத்தி ஒண்ணுதானாம்க்கா, அதான் ஒரே ஆளாம். ஒல்லாந்து எவ்ளோ பெரிய ஊரு, அங்க எத்தனை கத்தி இருக்கும்?” என்றாள்.

அவளே படுத்தபோது ஊர் பயந்ததாம். ஏகாம்பர மாமா தள்ளாடிக்கொண்டு வந்து, “கங்கம்மா, இந்த வெள்ளி நீ போ. எவனும் கேக்கமாட்டான்” என்றாராம். “காய்ச்சலைக் கத்தியால வெட்ட முடியுமா மாமா?” என்று சிரித்தாளாம். ஏரிக்காய்ச்சல்தான். எந்த வைத்தியரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். அவளுக்காக ஒரு வெள்ளிக்கிழமைகூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள். அது ஆறுதலா என்று எனக்குத் தெரியவில்லை.

நாட்டார் எட்டாம் நாளே வந்து சொல்லிவிட்டார். வாசல் எங்கள் வீட்டுப் பேரில் இருக்கிறது, திரும்பச் சீட்டுக்குப் போகவேண்டாம், பெரியவள் நீ உட்கார் என்றார். போன வெள்ளிக்கிழமை உட்கார்ந்தேன். அவள் நகையும் புடவையும் அவள் மருமகளுக்கு. எனக்கு என்று அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த வெட்கமில்லாமையைத்தான். ஆனால் கேட்பதற்குத்தான் அது உதவுகிறது. யாரை அனுப்புவது என்பதற்கு உதவவில்லை.

சின்னி, படையல் போட்டாயிற்று. உனக்குப் பிடித்த நண்டும் வைத்திருக்கிறது. இந்தப் பந்தியில் இரண்டு பேர் இல்லை. ஒருவன் வள்ளியின் மகன். முந்தாநாளிலிருந்து வாந்தி, அப்பனுக்கு வந்ததேதான். இன்னொருவர் உன் சிங்காரம். கெளுத்தி முள் கையில் ஏறினதை உன் துக்கத்தில் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். சிவப்பு முழங்கையைத் தாண்டிவிட்டது. இரண்டு பேர் பக்கத்திலும் வெற்றிலை போட்டு முடிக்கிற வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன். சிங்காரம், “வள்ளி புள்ளைய ஏத்து அண்ணி” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வள்ளி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கங்கம்மா வூட்டு ஆம்பளைய விட்டுட்டு என் புள்ளைய எப்படிக்கா ஏத்துவேன்” என்கிறாள். அடுத்த வாரம் வரைக்கும் இரண்டு பேருமே தாங்கமாட்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நாளைக்கு வெள்ளிக்கிழமை. தோணியில் யாரை ஏற்றட்டும், சின்னி?